வண்ணாத்திவில்லில் ஒரு பாதி வீடு

குருநாகலிலிருந்து புத்தளத்துக்குச் செல்லும் பெருந்தெருவில் நிக்கவரட்டியைத் தாண்டியதும் நிலத்தின் முகம் மாறத் தொடங்குகின்றது. தென்னந்தோப்புகளின் குளிர்ச்சி மெல்ல மெல்லப் பின்தங்கிவிட, முட்புதர்களும் வெயிலில் வெடித்த குளங்களும் எதிர்ப்படுகின்றன. புத்தளத்தை நெருங்குகையில் காற்றிலேயே உப்பின் சுவை தெரிகின்றது. கண்டி மலைக்காற்றில் பழகிய என் போன்றோருக்கு ஆவணி மாதத்தில் இப்பக்கம் பிரயாணம் செய்வது சிறிது சோதனைதான். ஆயினும் பழைய நண்பர் ஒருவர், “வாருங்கள், ஒரு பாதி வீட்டைக் காட்டுகிறேன்” என்று எழுதியிருந்தார். எழுதியவர் என்னோடு ஆசிரிய கலாசாலையில் ஒரே அறையில் இருந்தவர். போகாமல் இருத்தல் எங்ஙனம்?

நிக்கவரட்டிக்கு அண்மையில் பொலொன்தலாவ என்னும் தோட்டத்தில் பெரும் பாறைகளுக்கு நடுவே ஒரு பங்களா உண்டு. அதனைப்பற்றி நூல்களில் படித்திருந்தேன். பஸ் வண்டி அப்பக்கம் கடந்தபோது அதன் நினைவு வந்தது. அந்நினைவு மறுநாள் எங்களுக்குப் பயன்படும் என்று அப்போது நான் எண்ணவில்லை.

புத்தளம் பழைய பட்டினம். 1344ஆம் ஆண்டில் இலங்கைக் கரையில் வந்திறங்கிய மொறோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா, ‘பத்தாலா’ என்று எழுதிவைத்த ஊர் இதுவே என்பர். ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியிலிருந்த அந்தச் சிறு பட்டினத்தைச் சுற்றி மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் இருந்தனவாம். இன்று மதிலுமில்லை, கோபுரமுமில்லை. வாவியின் ஓரத்து உப்பளங்களும், தெருவின் நடுவே யாருக்கும் வழிவிடாது நிற்கும் கழுதைகளுமே வந்தவரை வரவேற்கின்றன. அங்கே வண்டி மாறி, எழுவன்குளம் செல்லும் பாதையில் வடக்கு நோக்கிப் போனால் வண்ணாத்திவில்லு வரும்.

பெயரைக் கேட்டவுடன் பிள்ளைகளுக்கு வண்ணாத்திப்பூச்சிதான் நினைவுக்கு வரும். வில்லு என்பது மழைநீர் தானாகவே தங்கிநிற்கும் பள்ளம். இவ்வூருக்கு வடக்கே பரந்துகிடக்கும் வில்பத்துக் காட்டின் பெயரிலும் அந்த வில்லே இருக்கின்றது. காட்டின் தென்புறத்தே கலா ஓயா சென்று வாவியில் கலக்கின்றது. ஊரின் மண்ணோ செக்கச் சிவந்த மண். வெள்ளை வேட்டியுடன் வந்தவர் மாலையில் காவி உடுத்தவராகத் திரும்பலாம். மரமுந்திரிகைத் தோட்டங்கள் அம்மண்ணில் நன்றாக வளர்ந்திருக்கின்றன. மேற்கே அறுவக்காட்டில் அச்செம்மண்ணின் கீழே கிடப்பது, மயோசீன் யுகம் என்று புவியியலார் கூறும் பழங்காலத்தில் கடலடியில் உருவான சுண்ணாம்புக்கல். புத்தளத்துச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு அக்கல்லைக் கொண்டுசெல்வதற்காகவே இருப்புப்பாதையைப் புத்தளத்துக்கு அப்பாலும் நீட்டினார்கள். ஆகவே, இலங்கையில் எத்தனையோ ஊர்களின் சுவர்களில் இப்பிரதேசத்தின் கல் கலந்திருக்கின்றது என்று சொல்லலாம். அவ்வளவு கல்லைக் கொடுத்த ஊரில் ஒரு சிறு அறை பதினொரு மாதங்களாக முடியாமல் நின்றது. அதுவே நான் காணச்சென்ற பாதி வீடு.

நண்பரை ஊரார் யாவரும் ‘மாஸ்டர்’ என்றே அழைக்கின்றனர். நானும் அவ்வாறே குறிப்பிடுகின்றேன். பிறந்த ஊர் மன்னார் மாவட்டத்து முசலிப் பகுதி. வில்பத்துக் காட்டுக்கு அப்பால் வடக்கே இருப்பது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் 70,000க்கு மேற்பட்டோரை வெளியேற்றியபோது, மாஸ்டரின் குடும்பமும் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு புத்தளம் வந்து சேர்ந்தது. பல ஆண்டுகள் கிடுகுக் குடிசை. பின்னர் வண்ணாத்திவில்லில் ஒரு துண்டு நிலம். 2007இல் உலக வங்கியின் கடனுதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கி, இடம்பெயர்ந்த பல குடும்பங்கள் தாமே முன்னின்று வீடு கட்டிய காலத்தில், மாஸ்டரும் தம் சம்பளத்தையும் மனைவியின் நகையையும் சேர்த்து ஒரு கல்வீடு எழுப்பினார். ஒரு சாலை, இரண்டு அறை, ஒரு குசினி, முன்னே ஒரு விறாந்தை, அவ்வளவே.

அவருடைய தாயாருக்கு இப்போது வயது எண்பத்தொன்பது. இடுப்பெலும்பு முறிந்தபின் படுக்கையை விட்டு எழுந்து நடக்க இயலாது. சக்கர நாற்காலி பழைய அறையின் வாசலுக்குள் நுழையாது. குளியலறையோ வீட்டுக்கு வெளியே கிணற்றடியில். ஆகவே வீட்டின் வடபுறத்தே பன்னிரண்டடிக்குப் பத்தடியில் ஓர் அறையும், அதனோடு சேர்ந்த குளியலறையும் கட்ட மாஸ்டர் தீர்மானித்தார். அவரிடம் முன்னாளில் படித்த இளைஞர் ஒருவர் கட்டடக் கலைஞராகியிருந்தார். அவர் காசு வாங்காமல் வரைபடம் வரைந்து கொடுத்தார். பிரதேச சபையின் அனுமதியும் கிடைத்தது. அத்திவாரம் இட்டு, சுவர் இடுப்பளவு எழுந்த வேளையில் அந்த இளைஞருக்கு வளைகுடா நாடொன்றில் உத்தியோகம் கிடைத்துவிட்டது. ஒரு வாரத்துள் விமானம் ஏறினார். 2022ஆம் ஆண்டில் நாடு பட்ட பொருளாதாரத் துன்பத்தின்பின் படித்த பிள்ளைகள் எத்தனை பேர் இவ்வாறு புறப்பட்டார்கள் என்பதை நாம் அறிவோம். அவரைக் குறைகூற மாஸ்டருக்கு மனமில்லை. “அவனும் ஒரு குடும்பத்தைத் தாங்க வேண்டியவன்தானே” என்றார்.

வீட்டின் வடபுறத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். சிவந்த மண்ணில் சாம்பல் நிறச் சுவர்கள் பாதியில் நின்றன. மூலைத் தூண்களுக்காக நட்ட கம்பிகள் நான்கு மூலைகளிலும் நீட்டிக்கொண்டிருந்தன. உப்புக்காற்றில் துருவேறி, தொட்டால் கையில் ஒட்டியது. சுவரின்மேல் ஆடு ஒன்று படுத்திருந்தது. மாஸ்டர் அதைத் துரத்தவில்லை. அதற்கும் அந்த இடம் பழகிவிட்டது போலும்.

அன்று மாலை மேசன் வந்தார். இவ்வூர்களில் மேசனைப் ‘பாஸ்’ என்பது வழக்கம். முப்பது ஆண்டுகள் கரண்டி பிடித்த கை. நல்ல வேலைக்காரர் என்பது பழைய வீட்டின் மூலைகளைப் பார்த்தாலே தெரியும். அவர் சொன்ன யோசனை எளியது. “சேர், மழைக்கு முன்னம் கூரை போட வேண்டும். படம் வரைந்த தம்பி வரப்போவதில்லை. நான் கட்டாத அறையா? நாளைக்கே தொடங்குகிறேன். இந்த வடக்கு யன்னல் மட்டும் பிழையாக விழுந்திருக்கிறது. அதை மூன்றடி உயரத்தில் வைத்துவிடலாம். குளியலறைக் கதவையும் இரண்டரை அடியாக்கினால் கடையில் செய்த கதவே போதும்.”

மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் பொறியியலாளன் அல்லேன், கணக்கு வாத்தியார். ஆயினும் மேசையில் விரித்த மூன்று தாள்களைப் பார்த்தபோது ஒன்று எனக்கும் விளங்கியது. அவை பிரதேச சபையின் அனுமதிக்காக வரைந்தவை. அறையின் நீள அகலம் இருந்தது; எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பது இருந்தது; முன்தோற்றம், குறுக்குவெட்டு இருந்தன. பழைய சாலையிலிருந்து புதிய அறைக்கு நாலரை அடி அகல வாசல் வெட்ட வேண்டும் என்று கோடு மட்டும் இருந்தது. அச்சுவரின்மேல்தான் பழைய கூரை முழுவதும் இருக்கின்றது. வெட்டும்போது கூரையை எது தாங்குவது, வாசலின் மேல் வரும் லிண்டலுக்கு எத்தனை கம்பி, இரண்டு கூரைகளும் சேரும் பள்ளத்தில் விழும் மழைநீர் எங்கே போவது என்பனவற்றுக்கு மூன்று தாள்களிலும் விடையில்லை. அவையெல்லாம் அந்த இளைஞரின் தலையில் இருந்தன. தலை வளைகுடாவில் இருந்தது.

இரவு விறாந்தையில் அமர்ந்து பேசினோம். பொலொன்தலாவப் பங்களாவின் நினைவு எனக்கு மீண்டும் வந்தது. 1963 முதல் 1965 வரை அதனைக் கட்டியவர்கள் நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவும், அவருடன் தொழில்செய்த டென்மார்க்குக்காரரான உல்ரிக் பிளெஸ்னரும். அவர்கள் காகிதத்தை நம்பி வரவில்லை. பாறைகளுக்கு நடுவே கம்புகளை நட்டு, கயிறு கட்டி, வீட்டை அந்த இடத்திலேயே அளந்து தீர்மானித்தனர். “அப்படியானால் காகிதம் இல்லாமலே வீடு கட்டலாம் என்கிறீர்களா?” என்று மாஸ்டர் கேட்டார். கட்டலாம், தீர்மானிப்பவர் பக்கத்தில் நிற்கும்வரை. அவர் போய்விட்டால் கயிறு வெறும் கயிறாகிவிடும்.

பாவாவின் வாழ்க்கையே இதற்கு இரு முனையிலும் சாட்சியாக இருப்பதை எண்ணினால் வியப்பாக இருக்கின்றது. 1919இல் பிறந்த அவர் முதலில் வழக்கறிஞர். 1948இல் பெந்தோட்டைக்கு அருகே லுனுகங்கைத் தோட்டத்தை வாங்கி, அதனைத் திருத்தும் ஆசையினாலேயே இத்தொழிலுக்கு வந்தவர். கொழும்பில் ரீட் என்னும் மூத்த கட்டடக் கலைஞரிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். 1952இல் ரீட் இறந்துபோனார். பாவா இலண்டனுக்குச் சென்று முறையாகப் படித்து, 1957இல் தம் முப்பத்தெட்டாம் வயதில் தகுதி பெற்றுத் திரும்பி, ரீட் விட்டுச்சென்ற நிறுவனத்தில் எஞ்சியிருந்ததை எடுத்து நடத்தினார். அதாவது, கலைஞர் இல்லாமற்போன வேலையைத் தொடர்ந்தவராகவே அவர் தொடங்கினார். தம் சொந்த வீட்டையும் அவர் ஒரே மூச்சில் கட்டவில்லை. கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளுள் ஒன்றில் 1958இல் குடிபுகுந்து, மற்றவை ஒவ்வொன்றாகக் கிடைக்கக் கிடைக்கச் சேர்த்துக்கொண்டு, பத்தாண்டுகளில் நான்கையும் ஒரே வீடாக்கினார். வீட்டை நீட்டுவதில் அவரைவிடப் பொறுமையுள்ளவரைக் காண்பது அரிது.

1998இல் பக்கவாதம் அவரை வீழ்த்தியது. பேச்சும் நின்றது, கையும் நின்றது. 2003ஆம் ஆண்டு மே மாதம் மறையும்வரை அவர் அந்நிலையிலேயே இருந்தார். ஆனால் தொடங்கிய வேலைகள் அத்தனையும் நின்றுவிடவில்லை. சன்ன தஸ்வத்தை முதலான இளைய தோழர்கள் அவற்றை எடுத்து நடத்தினர்; வரைந்ததை அவருக்குக் காட்டி, குறிப்பால் அவர் மனத்தை அறிய முயன்றனர். அவர்கள் பல ஆண்டுகள் அவரோடு இருந்து, அவர் ஏன் இதை இப்படி வைத்தார் என்பதைக் கண்டு பழகியவர்கள். கணக்கும் கம்பியும் பார்க்கும் மனிதர்களும் பாவாவுக்கு எந்நாளும் பக்கத்தில் இருந்தார்கள். 1967 முதல் நெடுங்காலம் அவருடைய பங்காளராக விளங்கியவர் கே. பூலோகசுந்தரம் என்னும் தமிழ்ப் பொறியியலாளர். கோட்டையில் 1982இல் திறக்கப்பட்ட பாராளுமன்றக் கட்டடம் அக்காலத்து வேலை.

இன்னொன்றும் சொன்னேன். ஈனா த சில்வா என்னும் அம்மையாருக்காகப் பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் கட்டிய வீட்டின் நிலம் பிற்காலத்தில் கைமாறியபோது, வீட்டை இடித்தெறியாமல், அளந்து படம் வரைந்து, கல்லுக்கும் மரத்துக்கும் இலக்கமிட்டுக் கழற்றி, லுனுகங்கைக்குக் கொண்டுபோய் மீண்டும் பூட்டினார்கள். வேலை 2016இல் முடிந்தது. அப்போது பாவா மறைந்து பதின்மூன்று ஆண்டுகள். அவரைக் கேட்க முடியாது. ஆனால் வீட்டைக் கேட்க முடிந்தது. அளந்தவர்களுக்கு அது விடை சொல்லியது.

உற்சாகத்தில் நான் பார்சலோனா நகரத்துத் தேவாலயத்துக்கும் போய்விட்டேன். கௌடி என்னும் மேதை 1926இல் ட்ராம் வண்டி மோதி இறந்ததும், 1936இல் உள்நாட்டுப் போரின்போது அவருடைய படங்கள் எரிந்து, சாந்தினாற் செய்த மாதிரிகள் உடைந்ததும், பின்வந்தோர் உடைந்த துண்டுகளை ஒட்டவைத்துப் பார்த்துத் தொடர்ந்து கட்டியதும் எல்லாம் சொன்னேன்.

மாஸ்டர் அமைதியாகக் கேட்டுவிட்டு, “தேவாலயம் நூறு வருடம் பொறுக்கும். என் உம்மாவுக்கு எண்பத்தொன்பது” என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். ஒக்டோபர் பிற்பகுதியில் இக்கரையில் மழை தொடங்கிவிடும். கையில் இருந்தவை பத்து வாரங்கள்.

மறுநாள் காலையில் கயிறும் அளவு நாடாவும் எடுத்தோம். பாஸ் முகத்தைச் சுளித்தார். கட்டியதை மறுபடியும் அளப்பது வீண்வேலை என்பது அவர் கருத்து. அளந்தபின் அவரே வியந்தார். படத்தில் பன்னிரண்டடி என்றிருந்த சுவர் பதினொன்றடி எட்டங்குலம். பழைய வீட்டின் மூலை செங்கோணமாக இல்லாததால் புதிய அறையும் சிறிது சாய்ந்திருந்தது. நாற்காலி திரும்புவதற்கு ஐந்தடி வட்டம் வேண்டுமென்று படத்தில் ஒரு புள்ளிக்கோடு இருந்தது. அந்த நாலங்குலம் போனதில் வட்டம் கட்டிலை முட்டியது. குளியலறைக் கதவு மூன்றடியென்று அவர் ஏன் வைத்தார் என்பதும் அப்போது தெளிவாயிற்று. நாற்காலியின் அகலத்தையும், அதைத் தள்ளும் மருமகளின் கைகளையும் சேர்த்தால் இரண்டரை அடி போதாது. பாஸ் நாற்காலியைத் தாமே தள்ளிப் பார்த்து, விரல் மூட்டு நிலையில் உரசியதும், “சரி, மூன்றடி” என்று ஒப்புக்கொண்டார்.

ஒரு கொப்பியின் நடுவே கோடிட்டு, ஒருபுறம் தீர்ந்தவற்றையும் மறுபுறம் தீராதவற்றையும் எழுதினோம். தீராதவை பதினொன்று. இளைஞரோடு படித்த ஒருவர் மூலம் வாட்ஸ்அப் இலக்கம் கிடைத்தது. மாஸ்டர் பதினொரு கேள்விகளையும் சுவரின் படங்களையும் அனுப்பினார். கூடவே ஒரு வேண்டுகோள்: அந்தப் படங்களை வேறொருவர் கைக்குக் கொடுத்துத் தொடர எழுத்துமூலம் சம்மதம் தரவேண்டும். இது வெறும் மரியாதைக்காக மட்டும் அன்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி வரைந்தவரின் உரிமை அவர் ஆயுட்காலமும் அதன்பின் எழுபது ஆண்டுகளும் அவருக்கு உரியது. வீடு நம்முடையதாயினும் படம் அவருடையது என்பதைப் பலர் அறியார்.

பதில் வரும்வரை சும்மா இருக்கவில்லை. புத்தளத்திலிருந்து பொறியியலாளர் ஒருவர் ஒரு பகல் வந்து பார்த்தார். அந்த ஒரு பகலுக்குக் கொடுத்த கட்டணம் ஏழெட்டு மூட்டை சீமெந்தின் விலை என்று மாஸ்டரின் மனைவி முணுமுணுத்தார். 2022இல் ஒரு மூட்டை மூவாயிரம் ரூபாயைத் தொட்டபோது கையைச் சுட்டுக்கொண்ட குடும்பம். அவர் முணுமுணுப்பில் நியாயமுண்டு. ஆனால் வந்தவர் முதலில் செய்தது, பாஸ் பழைய சுவரில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கல்லைப் பெயர்த்து, புதிய சுவரைப் பல் வைத்துப் பிணைக்கத் தொடங்கியிருந்ததை நிறுத்தியது. “பழைய வீடு அமரவேண்டிய அளவு அமர்ந்துவிட்டது. புதியது இனித்தான் அமரும். இரண்டையும் இறுகக் கட்டினால் ஒன்று மற்றொன்றைக் கிழிக்கும். நடுவில் ஓர் இடைவெளி விட்டு, நெகிழும் பொருளால் அடையுங்கள்” என்றார். துருவேறிய கம்பிகளைக் கம்பித் தூரிகையாற் தேய்க்கச் செய்து, தடிப்பை அளந்து, மூன்று மூலைகள் தேறும் என்றும் ஒன்றைச் சிறிது உடைத்துப் புதுக்கம்பி சேர்க்கவேண்டும் என்றும் சொன்னார். வாசல் வெட்டும் முறையையும் வரைந்து கொடுத்தார்: முதலில் கூரையை இருபுறமும் முட்டுக்கொடுத்துத் தாங்குவது; பின்னர் லிண்டல் வரும் இடத்தை மட்டும் குடைந்து, இருபுறமும் ஒன்பதங்குலம் சுவருக்குள் போகும்படி கொங்கிறீற்று இட்டு, அது முற்றியபின்பே கீழே உள்ள கல்லைப் பெயர்ப்பது. பாஸோ ஒரே நாளில் வெட்டி முடிக்க எண்ணியிருந்தவர். கேட்டுக்கொண்டிருந்த மாஸ்டரின் மனைவி அதன்பின் கட்டணத்தைப்பற்றிப் பேசவில்லை.

பிரதேச சபைக்கும் போனோம். 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் இவ்விடயத்தில் வழிகாட்டுகின்றது. அனுமதியின்றிக் கட்டக்கூடாது, கட்டியது அனுமதித்த படத்தோடு ஒத்திருக்கிறது என்னும் சான்றிதழ் பெறாமல் குடியிருக்கவும் கூடாது. கிராமங்களில் பலர் முதலாவதைச் செய்து இரண்டாவதை மறந்துவிடுவர். வீட்டை விற்கவோ ஈடுவைக்கவோ போகும்போது நினைவு வரும். மாஸ்டரின் அனுமதிக் காலம் முடிந்திருந்தது. புதுப்பிக்க விண்ணப்பித்து, இனிப் பொறுப்பேற்பவர் யார் என்பதையும் எழுதிக் கொடுத்தோம். புத்தளத்துப் படவரைஞர் ஒருவர் எங்கள் அளவுகளைக் கொண்டு நிற்பதை நிற்பதுபோலவே வரைந்து தந்தார். அலுவலகத்தில் இரண்டு முறை அலைய நேர்ந்தது. அதை விரித்துச் சொல்வதில் சுவையில்லை.

நான் கண்டி திரும்புவதற்கு முந்திய நாள் இரவு வளைகுடாவிலிருந்து பதில் வந்தது. இளைஞர் மன்னிப்புக் கேட்டிருந்தார். சம்மதக் கடிதமும், கணினியில் இருந்த மூலப் படங்களும் அனுப்பியிருந்தார். கூரைப் பள்ளத்துக்குத் தகரப் பீலி வைக்கும் முறையை ஒரு கடதாசியில் கையால் வரைந்து படமெடுத்து அனுப்பியிருந்தார். வேலை முடிந்து இரவு நேரத்தில் வரைந்தது என்பது கோட்டின் நடுக்கத்தில் தெரிந்தது. பத்துக் கேள்விகளுக்கு ஒழுங்கான விடை. ஒன்பதாம் கேள்விக்கு மட்டும் இரண்டே சொற்கள்.

ஒன்பதாம் கேள்வி வடக்கு யன்னலைப் பற்றியது. படத்தில் அதன் அடிமட்டம் தரையிலிருந்து ஓரடி ஒன்பதங்குலம். யாரும் அவ்வளவு தாழ்வாக யன்னல் வைப்பதில்லை. வாடைக்காற்று மழையை நேரே உள்ளே அடிக்கும். ஆடு தலையை நீட்டும். பாஸ் அதை எழுத்துப் பிழை என்றே கருதினார். மூன்றடி ஒன்பதங்குலத்தில் மூன்று ஒன்றாகிவிட்டது என்பது அவர் துணிபு. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கேள்விக்கு வந்த விடை: “உம்மாவிடம் கேளுங்கள்.”

நாங்கள் ஒருவரும் அவரைக் கேட்டிருக்கவில்லை என்பதை இங்கே வெட்கத்துடன் எழுதுகின்றேன். அவருக்காகக் கட்டும் அறை. பத்து நாட்களாக அவர் படுத்திருந்த அறைக்கு வெளியே நின்று நாங்கள் அளந்தோம், எழுதினோம், வாதாடினோம்.

மாஸ்டர் தாயாரின் கட்டிலருகே முழந்தாளிட்டுக் கேட்டார். நான் வாசலில் நின்றேன். முதியவருக்குக் காது சிறிது மந்தம். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பின்னர் அவர் சிரித்தார்.

“அந்தப் பிள்ளை வந்து என் பக்கத்தில் நிலத்தில் படுத்துப் பார்த்தது மகன். படுத்திருந்தால் உங்களுக்கு என்ன தெரிகிறது உம்மா என்று கேட்டது. ஓடும் பல்லியும் தெரிகிறது என்றேன். என்ன தெரிய வேண்டும் என்று கேட்டது. வடக்குப் பக்கம் தெரிந்தால் நல்லது என்றேன். பிறகு கோல் வைத்து என் கண்ணுக்கும் தரைக்கும் அளந்துகொண்டு போனது.”

வடக்கே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அங்கே கிணறு, ஒரு பாலைமரம், எழுவன்குளம் போகும் தெருவின் ஒரு வளைவு, அதற்கப்பால் காடு. காட்டுக்கு அப்பால் முசலி.

மறுநாட் காலை பாஸிடம் இதைச் சொன்னபோது அவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டார். ஒரு சொல்லும் பேசவில்லை. பின்னர் மழையைப் பற்றி அவரே தீர்வு சொன்னார்: யன்னலுக்குமேல் இரண்டடி நீளக் கொங்கிறீற்றுத் தட்டு, இருபுறமும் சிறு சுவர் மடிப்பு, கீழ்ப் படியைச் சரிவாக வார்த்துவிட்டால் வாடைமழையானாலும் உள்ளே வராது, ஆட்டுக்குக் கம்பி. பொறியியலாளரும் தொலைபேசியில் அதற்குச் சம்மதித்தார். அதன்பின் அந்த யன்னலைப் பாஸ் தம் சொந்தப் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். அங்குலம் அங்குலமாக அளந்தது மட்டுமன்றி, கட்டிலைக் கொண்டுவந்து போட்டுத் தாமே ஏறிப் படுத்துப் பார்த்தாராம். இதை மாஸ்டர் கடிதத்தில் எழுதியிருந்தார்.

தை மாதத்தில் மீண்டும் போனேன். ஒக்டோபர் கடைசியில் மழை தொடங்குவதற்கு நான்கு நாள் முன்னர் கூரை மூடப்பட்டுவிட்டது. பூச்சும் தரையும் மழைக்குள்ளேயே நடந்தன. கூரைப் பள்ளத்தில் முதல் மழைக்கே ஓரிடம் ஒழுகி, பீலியைக் கழற்றி மறுபடி பொருத்தவேண்டியிருந்தது. பழைய சுவருக்கும் புதியதற்கும் இடையில் விட்ட இடைவெளி மெல்லிய கோடாகத் தெரிகின்றது. மாஸ்டரின் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அதில் குறை தோன்றவில்லை. வெள்ளைப் பூச்சு இன்னும் காயவில்லை. பிரதேச சபையின் சான்றிதழ் ஒரு பிளாஸ்டிக் உறையில், கொப்பியோடும் அந்த இளைஞரின் கைவரைபடத்தோடும் அலமாரியில் இருந்தது.

செம்மண் மழையில் நனைந்து, புல் முளைத்து, ஊரே அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. சாலையில் தேநீர் அருந்திக்கொண்டு மாஸ்டரோடு பேச்சில் நேரம் போனதே தெரியவில்லை. புத்தளத்துக்குப் போகும் பஸ் எழுவன்குளத்திலிருந்து எப்போது வரும் என்பது அவ்வூரில் யாரும் நிச்சயமாகச் சொல்லக்கூடிய விடயமன்று. நான் இரண்டு முறை எழுந்து வெளியே போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாம் முறை எழ முற்படுகையில், நாலரை அடி வாசலுக்கு அப்பால் கட்டிலிலிருந்து முதியவரின் குரல் வந்தது.

“கண்டித் தம்பி, எழும்புங்கள். வளைவில் பஸ் வருகிறது.”